இருண்ட பூவாசனை யாருக்குப் பொருந்தும்? பயனீட்டாளர் கேள்வி-பதில்

கேள்வி: பேரங்காடியில் ஒரு அடர்ந்த பூவாசனைப் பெர்ஃப்யூமை முகர்ந்து பார்த்தேன். இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. ஆனால் விற்பனைப் பெண், “இது துணிச்சலான, மர்மமான பெண்களுக்கு” என்றார். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, அதிகம் பேசாதவள். 50 மில்லி 600 ரிங்கிட். வாங்கலாமா? – வாசகி, செந்தூல்

பதில்: குணக் கணக்கை முதலில் ஒதுக்கி வையுங்கள். அது புட்டியின் நிறத்திலும் பெயரிலும் இருக்கிறது, உள்ளே இருக்கும் திரவத்தில் இல்லை. பிரெஞ்சு நிறுவனமான டியோர் 1985-இல் தன் பெர்ஃப்யூமுக்கு ‘பாய்சன்’ என்று பெயர் வைத்தது. அமெரிக்க வடிவமைப்பாளர் டாம் ஃபோர்டு 2006-இல் தன்னுடையதற்கு ‘பிளாக் ஆர்க்கிட்’ என்று வைத்தார். நஞ்சு, கறுப்பு என்று காதில் விழுந்ததும் மனம் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துவிடுகிறது. வணிக அளவில் ஆர்க்கிட் பூவிலிருந்து வாசனை எண்ணெய் எடுப்பதில்லை. அந்த வாசனையை வேறு பொருள்களைக் கலந்து கட்டுகிறார்கள்.

‘இருண்ட’ பூவாசனை என்று கடையில் சொல்வது எதை? மல்லிகை, நிலசம்பங்கி, கெனாங்கா போன்ற கனமான பூக்கள் மேலே இருக்கும். அடியில் பச்சௌலி, வனிலா, சாம்பிராணி, சில சமயம் பிளம் பழம். பச்சௌலி என்பது மலாய்க்காரர்கள் நீலாம் என்று சொல்லும் செடிதான். பச்சௌலி என்ற சொல்லே தமிழிலிருந்து போனது என்று அகராதிகள் காட்டுகின்றன. பூக்களுக்கு அந்த இருட்டைத் தருவதில் பெரிய பங்கு இண்டோல் என்ற வேதிப்பொருளுக்கு உண்டு. தனியாக முகர்ந்தால் அந்துருண்டை நெடி, கொஞ்சமாகக் கலந்தால் பூவுக்கு உயிர். இது நமக்குப் புதிதில்லை. சாயங்காலம் தலையில் வைத்த மல்லிகைச் சரத்தை மறுநாள் காலை தலையணைப் பக்கத்தில் எடுத்துப் பாருங்கள். இதழோரம் பழுத்திருக்கும், இனிப்போடு ஒரு கனத்த வாடை எழும். அந்த வாடையைத்தான் புட்டியில் பிடித்து 600 ரிங்கிட்டுக்கு விற்கிறார்கள். அமைதியான அம்மாக்களும் பாட்டிகளும் காலங்காலமாகச் சூடிய வாசனை அது. உங்களுக்கு அது பிடித்ததில் வியப்பில்லை. துணிச்சல் சான்றிதழும் தேவையில்லை.

பார்க்க வேண்டியது வேறு: உங்கள் தோல், உங்கள் வகுப்பறை, நம் ஊர் வெயில். காகிதப் பட்டையில் முகர்ந்ததை வைத்து முடிவெடுக்காதீர்கள். முழங்கை மடிப்பில் ஒரே ஒரு தெளிப்பு போதும். தேய்க்க வேண்டாம், சூட்டில் மேல்வாசனை, அதாவது முதலில் எழும் வாசனை, சீக்கிரம் பறந்துவிடும். அரை நிமிடத்தில் ஆல்கஹால் போய்விடும். பிறகு கடையில் நிற்காமல் வெளியே வாருங்கள். குளிர்சாதனத்தில் அடங்கிக் கிடக்கும் வாசனை 32 பாகை வெயிலில் நன்றாக விரியும், வனிலா பிசுபிசுப்பாகத் தோன்றும். எல்ஆர்டி ரயிலில் ஏறுங்கள், வீட்டு வேலை பாருங்கள். 15 நிமிடத்தில் ஒரு முறை, 2 மணி நேரத்தில் ஒரு முறை, 6 மணி நேரத்தில் ஒரு முறை முகர்ந்து பாருங்கள். உங்களோடு நாள் முழுக்க வாழப் போவது அந்தக் கடைசி வாசனை. ஒரே நாளில் மூன்று பெர்ஃப்யூமுக்கு மேல் முகர வேண்டாம், மூக்கு சோர்ந்துவிடும். உங்கள் மூக்கு பழகிப் போனதும் வாசனை தெரியாது, அதனால் கூடுதலாக அடித்துக்கொள்வோம். தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் “தெரிகிறதா?” என்று கேளுங்கள், அதுதான் அளவு.

வகுப்பறைக்கு ஆடைக்குள்ளே, மார்புப் பக்கம் ஒரே தெளிப்பு. மூச்சிரைப்பு உள்ள பிள்ளைகள் இருந்தால் பள்ளி நாளில் வேண்டவே வேண்டாம், கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கும் போட்டுவிடுங்கள். ஒரு தெளிப்பு ஏறத்தாழ 0.1 மில்லி, ஆகவே 50 மில்லியில் சுமார் 500 தெளிப்பு, ஒன்று 1 ரிங்கிட் 20 சென். அதே நிறுவனம் விற்கும் 10 மில்லி சிறு புட்டி கிடைத்தால் முதலில் அதையே வாங்குங்கள். அது முடிகிறபோதும் மனம் கேட்டால் பெரியதை வாங்கலாம்.

கேள்வி: இணைய அங்காடியில் ‘நூறு விழுக்காடு அசல்’ என்று போட்டிருந்ததால் பாதி விலைக்கு ஒன்று வாங்கினேன். முதல் பத்து நிமிடம் அருமை, அரை மணியில் ஒன்றுமே இல்லை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்கிறார் வியாபாரி. – வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: நீங்கள் சொல்வது போலியின் வழக்கமான அடையாளம். மேல்வாசனையை மலிவாக நகலெடுக்கலாம். அடியில் நிற்கும் பொருள்களுக்குத்தான் செலவு, அதில்தான் கை வைப்பார்கள். இருண்ட பூவாசனையில் இது சட்டென்று காட்டிக் கொடுத்துவிடும், ஏனென்றால் இந்த வகையின் உயிரே அடிப்பாகம். ஆனாலும் வாசனையை மட்டும் வைத்துக் குற்றம் சாட்ட வேண்டாம், ஓ டி டாய்லெட் என்ற அடர்த்தி குறைந்த வகை இயல்பாகவே சீக்கிரம் போகும். பெட்டியின் அடியில் உள்ள தொகுதி எண்ணும் புட்டியின் அடியில் உள்ளதும் ஒன்றா? (ஒன்றாக இருந்தாலும் அது போதாது, எண்ணையும் நகலெடுக்கிறார்கள்.) தெளிப்பு மென்பனியாக வருகிறதா, சொட்டாகத் துப்புகிறதா? உள்குழாய் தேவைக்கு மேல் நீண்டு மடங்கிக் கிடக்கிறதா? லேபிளில் மலேசியாவில் பொறுப்பேற்கும் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் உண்டா? வாசனைத் திரவியம் நம் நாட்டில் அழகுப்பொருள் கணக்கில் வருகிறது. விற்குமுன் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்பிஆர்ஏ-விடம் அறிவித்திருக்க வேண்டும். அதன் இணையதளத்தில் பொருளின் பெயரைத் தட்டிப் பாருங்கள்.

‘திரும்பப் பெறப்படாது’ என்ற வாசகம் உங்கள் உரிமையைப் பறிக்காது. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி பொருள் அதன் வர்ணனைக்கு ஒத்திருக்க வேண்டும். அசல் என்று விற்றால் அசலாக இருந்தாக வேண்டும். மனம் மாறியதற்காகப் பணம் திரும்பக் கேட்க முடியாது, இது அதுவல்ல. ‘பொருள் கிடைத்தது’ என்ற பொத்தானை இன்னும் அழுத்தவில்லை என்றால் அழுத்தாதீர்கள். பெரும்பாலான அங்காடிகள் அதுவரை பணத்தைப் பிடித்து வைத்திருக்கும். விளம்பரப் பக்கம், உரையாடல், ரசீது, தொகுதி எண் எல்லாவற்றையும் படம் எடுத்து, எழுத்தில் பணத்தைக் கேளுங்கள். அசையாவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம். மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். விற்றவர் யார், எங்கே என்று தெரியாவிட்டால் மன்றத்தாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. வாங்குமுன் முகவரி தேடுங்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான். போலி விற்பனையை உள்நாட்டு வாணிப அமைச்சின் அமலாக்கப் பிரிவுக்கும் தெரிவியுங்கள், பக்கத்து வீட்டாருக்காவது பயன்படும்.

கேள்வி: வெளிர்மஞ்சளாக இருந்த திரவம் பழுப்பாகிவிட்டது. கெட்டுப்போய்விட்டதா? – பட்டர்வொர்த்

பதில்: நிறத்தைப் பார்த்து எறியாதீர்கள். வனிலாவில் உள்ள வனிலினும் பூவின் இண்டோலும் காலப்போக்கில் கறுக்கும், அது இயல்பு. முகர்ந்த கணத்தில் புளிப்போ, நகப்பூச்சு அகற்றும் திரவத்தின் நெடியோ அடித்தால் கெட்டுவிட்டது. பழுப்பேறிய திரவத்தை வெள்ளைச் சட்டையிலும் பட்டுப் புடவையிலும் அடிக்காதீர்கள், கறை போகாது. இனி பெட்டியோடு அலமாரியில் வையுங்கள். குளியலறையும் காரும் கூடவே கூடாது.

கேள்வி: அக்காவுக்குப் பிறந்தநாள். மிடுக்கானவர். அவர் குணத்துக்கு ஏற்ற கறுப்புப் புட்டி ஒன்று சொல்லுங்கள். – பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: மிடுக்கானவர்கள் பலர் எலுமிச்சை வாசனைதான் பூசுகிறார்கள். குணத்தைக் கேட்காமல், இப்போது என்ன பூசுகிறார், தலையில் எந்தப் பூ வைத்தால் முகம் மலர்கிறது என்று பாருங்கள். செண்பகமும் நிலசம்பங்கியும் பிடிக்குமானால் இந்த வகை பிடிக்க வாய்ப்பு அதிகம். பூவே தலைவலி என்பவருக்கு வேண்டாம். முத்திரை உடைக்காத பெட்டியை மாற்றித் தருவார்களா, எத்தனை நாளைக்குள் என்று பணம் கட்டுமுன் கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.