பழைய உலோகப் பொம்மைகளில் துரு: கேள்விகளும் பதில்களும்

பழைய உலோகப் பொம்மைகளில் துரு எடுப்பது பற்றிக் கேள்வி அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பொதுவாக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொம்மையை எதிலாவது ஊறப்போடுவதற்கு முன்னால் அது என்ன உலோகம், மேலே இருப்பது பெயிண்டா அச்சிட்ட படமா என்று பாருங்கள். வந்த கேள்விகளில் பாதிக்குமேல் இதைப் பார்க்காமல் ஊறப்போட்டதால் வந்தவை.

கேள்வி: என்ன உலோகம் என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு காந்தம் போதும். ஒட்டினால் இரும்பு வகை, அதாவது துருப்பிடிக்கக்கூடியது. ஒட்டவில்லை, ஆனால் கையில் கனமாக இருக்கிறது என்றால் துத்தநாகக் கலவையில் வார்த்தது. டை-காஸ்ட் என்கிறோமே, அதுதான். 1953-ல் வந்த மேட்ச்பாக்ஸ், 1956-ல் வந்த கார்கி போன்ற சின்னக் கார்களின் உடல் இந்த வகை. ஆனால் அதே காரின் அச்சுக் கம்பியிலும், பல சமயம் அடித்தட்டிலும், காந்தம் ஒட்டும். ஆகவே காரை ஒரே பொருளாக நினைக்காமல் ஒவ்வொரு பாகமாகச் சோதியுங்கள். ஒட்டாமல் லேசாகவும் இருந்தால் அலுமினியம். அளவுக்கு மீறிய கனம், காகிதத்தில் தேய்த்தால் சாம்பல் கோடு விழுகிறது என்றால் அது ஈயம். பழைய சிப்பாய் பொம்மைகள் பல அப்படித்தான். அதைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

தகரப் பொம்மையிலும் காந்தம் ஒட்டும். தகரம் என்பது மெல்லிய இரும்புத் தகடு, மேலே வெள்ளீயப் பூச்சு. பூச்சு முழுதாக இருக்கும்வரை துரு வராது. ஒரு கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்ததும் நிலைமை தலைகீழாகிவிடும். துத்தநாகப் பூச்சாக இருந்தால் அது தான் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். வெள்ளீயம் அப்படிச் செய்யாது. ஈரம் பட்டால் கீறலில் உள்ள இரும்புதான் முதலில் போகும், அதுவும் வெறும் இரும்பைவிட வேகமாக. மயிரிழைக் கீறலிலிருந்து துரு படத்துக்கு அடியில் ஊர்ந்து பரவுவது இதனால்தான்.

கேள்வி: சாவி கொடுக்கும் தகரப் பொம்மை. படம் நன்றாக இருக்கிறது, ஆனால் அங்கங்கே பழுப்புப் புள்ளிகள். வினிகரில் ஊறவைக்கலாமா சார்?

வேண்டவே வேண்டாம். இந்தப் பொம்மைகளில் தகடு தட்டையாக இருக்கும்போதே படத்தை அச்சிட்டு, மேலே வார்னிஷ் பூசி, அதன் பிறகுதான் வெட்டி மடித்து உருவம் கொண்டுவருவார்கள். அந்த அச்சு மிக மெல்லியது. போனால் போனதுதான், திரும்பக் கொண்டுவர வழியில்லை. பொம்மையின் அழகு, மதிப்பு எல்லாமே அந்தப் படத்தில்தான் இருக்கிறது. நாலு புள்ளியை எடுப்பதற்காக அதை இழக்காதீர்கள்.

நான் செய்யும் முறை இது. முதலில் மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். கண்ணில் படாத ஓர் ஓரத்தில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விட்டு, பஞ்சுக் குச்சியால் துடைத்து, பஞ்சில் நிறம் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் துருப் புள்ளி ஒவ்வொன்றிலும் துளித்துளியாக எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். மறுநாள் கூர்மையாகச் சீவிய மரக்குச்சியால் புள்ளியின் மேல் மட்டும் மெதுவாகச் சுரண்டுங்கள். பழுப்பு எண்ணெயைப் பஞ்சில் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் அந்தத் துருத்துகளே படத்தைக் கீறும். பிறகு மறுபடி எண்ணெய், மறுபடி குச்சி. பல நாள் ஆகலாம், ஆகட்டும்.

ஸ்டீல் உல் தேவைப்பட்டால் நான்கு சைபர் நம்பர் உள்ள மிக மெல்லியது மட்டும். அதையும் படம் இல்லாத இடத்தில், அதாவது உள்பக்கத்திலோ அடித்தட்டிலோதான் பயன்படுத்த வேண்டும். அசிட்டோன், தின்னர், ஸ்பிரிட், அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் எதுவும் அச்சின் பக்கம் போகக்கூடாது. வார்னிஷுக்கு அடியிலேயே துரு இருக்கிறது, மேலே வழவழப்பாக இருக்கிறது என்றால் அதை விட்டுவிடுங்கள். அதை எடுக்கப் படத்தை உடைத்தாக வேண்டும்.

கேள்வி: என் டை-காஸ்ட் காரில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. இதுவும் துருவா? சக்கரக் கம்பியில் மட்டும் சிவப்பாக இருக்கிறது.

வெள்ளை, துத்தநாகம் அரிபட்டு வந்த பூப்பு. சிவப்பு, இரும்புத் துரு. இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. துரு எடுக்க உதவும் வினிகரும் சிட்ரிக் ஆசிட்டும் துத்தநாகத்தைக் கரைத்துவிடும். காரை அப்படியே ஊறப்போட்டால் கம்பி சுத்தமாகும், உடலில் குழி விழும். வெள்ளைப் பூப்பை உலர்ந்த டூத் பிரஷ்ஷால் தேய்த்து, கொஞ்சம் மெழுகு பூசினால் போதும். கம்பிக்கு ஒரு துளி எண்ணெய் விட்டு, அலுமினியத் தாளைச் சிறு உருண்டையாகக் கசக்கித் தேயுங்கள். ரப்பர் டயரில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உப்பிப்போகும்.

இன்னொன்றையும் பாருங்கள். உடலில் மெல்லிய விரிசல்கள், பெயிண்ட் கொப்புளம், அடித்தட்டு வளைந்து உடலோடு பொருந்தாமல் போவது என்றெல்லாம் இருந்தால் அது வேறு நோய். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வார்ப்புகளில் அதிகம் வரும். கலவையில் ஈயம் போன்ற கசடுகள் சேர்ந்திருந்தால், உலோகம் உள்ளுக்குள்ளேயே மணிமணியாகப் பிரிந்து, வீங்கி உதிர்ந்துவிடும். இதற்குச் சிகிச்சை இல்லை என்பது வருத்தமான உண்மை. ஈரமும் சூடும் இல்லாத இடத்தில் அதிகம் தொடாமல் வைத்தால் மெதுவாகப் போகும். பக்கத்திலுள்ள பொம்மைகளுக்குத் தொற்றாது, அந்தப் பயம் வேண்டாம்.

கேள்வி: கோலாவில் ஊறவைத்தால் துரு போகுமாமே?

அதில் உள்ள கொஞ்சம் பாஸ்பாரிக் ஆசிட்டால் ஓரளவு போகும். கூடவே சர்க்கரைப் பிசுக்கு எல்லா இடுக்கிலும் போய் உட்காரும். விட்டுவிடுங்கள்.

கேள்வி: கெட்டியான தகட்டில் செய்த பெரிய லாரி பொம்மை. பெயிண்ட் ஏறக்குறைய இல்லை, முழுக்கத் துரு. திரும்பப் பெயிண்ட் அடிக்கப் போகிறேன். எது நல்ல முறை?

பெயிண்ட் உண்மையிலேயே போய்விட்டதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். பாதி இருந்தாலும் நான் தொடமாட்டேன். சேகரிப்பவர்களுக்குத் தேய்ந்த ஒரிஜினல் பெயிண்ட்தான் புதுப் பெயிண்டைவிடப் பெரிது. போய்விட்டது என்றால் சக்கரம், ஸ்டிக்கர், துத்தநாக பாகங்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் இரும்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எளிய வழி சிட்ரிக் ஆசிட். 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம். பிளாஸ்டிக் வாளியில் முழுக்க மூழ்கட்டும். பாதி வெளியே இருந்தால் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு அரித்துக் கிடக்கும். அரை மணிக்கு ஒருமுறை எடுத்து பிரஷ் போட்டுப் பாருங்கள். துரு போன பிறகும் உள்ளேயே விட்டால் ஆசிட் நல்ல இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும். வெளியே எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

துருவை மட்டும் பிடித்து இழுக்கும் திரவங்களும் டப்பாவில் கிடைக்கின்றன. அவற்றில் ஆசிட் கிடையாது, நல்ல இரும்பைத் தொடாது. மெதுவாக வேலை செய்யும், ஆனால் மறந்துபோய்க் கூடுதல் நேரம் விட்டாலும் பெரிய சேதமில்லை. முதன்முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஒன்று மட்டும், துருவின் மேல் நின்றுகொண்டிருந்த பெயிண்ட் துரு போனதும் கூடவே உதிரும்.

எந்த முறையானாலும் அடுத்த சில நிமிடங்கள்தான் முக்கியம். புதிதாகச் சுத்தமான இரும்பு ஈரத்தில் கண்ணெதிரே ஆரஞ்சாக மாறிவிடும். துணியால் துடைத்து, உடனே ஹேர் டிரையர் போட்டு, மடிப்புகளுக்குள் இருக்கும் ஈரமும் போகும்வரை சூடு காட்டுங்கள். அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். அது முடியாதென்றால் எண்ணெய் தடவி வையுங்கள், பிரைமர் அடிக்கும்போது அதைச் சுத்தமாக எடுத்துவிட வேண்டும்.

கேள்வி: கரண்ட் விட்டுத் துரு எடுக்கும் முறைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டியைப் பயன்படுத்தலாமா? துருப்பிடிக்காதே என்று கேட்கிறேன்.

கூடாது. அந்த முறையில் சலவை சோடா கரைத்த தண்ணீரில், பேட்டரி சார்ஜரின் மைனஸ் முனையைப் பொம்மைக்கும் பிளஸ் முனையை வேறோர் உலோகத் துண்டுக்கும் கொடுப்போம். பிளஸ் பக்கம் இருக்கும் துண்டுதான் அரியும். அது ஸ்டெயின்லெஸ் என்றால் அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் வடிவத்தில் தண்ணீரில் கலந்துவிடலாம். சாதாரண இரும்புத் துண்டு போடுங்கள். முனைகளை மாற்றிக் கொடுத்தால் பொம்மையே கரையும், அதனால் இரண்டு தடவை பாருங்கள். ஹைட்ரஜன் வாயு வரும். காற்றோட்டமான இடத்தில், நெருப்பு இல்லாமல் செய்யுங்கள். கம்பியைத் தொடுவதானால் முதலில் கரண்டை நிறுத்துங்கள். பெயிண்ட், அச்சு உள்ள பொம்மைக்கு இந்த முறை ஆகாது, உரித்துவிடும்.

கேள்வி: சாவி திரும்பவே இல்லை. உள்ளே துரு தெரிகிறது. தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறேன், பலம் போட்டுத் திருப்பட்டுமா அண்ணா?

பலம் போடாதீர்கள் தம்பி. ஸ்பிரிங் முழுதாகச் சுற்றிய நிலையிலேயே இறுகிப்போயிருக்கலாம். திடீரென்று விடுபட்டால் பல்சக்கரத்தின் பற்கள் உடையும், திறந்து வைத்திருந்தால் விரலையும் வெட்டும். சமையலுக்கான எண்ணெய்கள் நாளாக நாளாகப் பிசினாகிவிடும், அவை இந்த வேலைக்கு உதவாது. கொஞ்சம் டர்பன்டைனைப் பஞ்சுக் குச்சியில் எடுத்து, படத்தில் படாமல், அந்தப் பிசுக்கை முதலில் துடைத்து எடுங்கள். பிறகு சக்கரத் தண்டுகள் தகட்டில் நுழையும் துளை ஒவ்வொன்றிலும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி. இரண்டு மூன்று நாள் காத்திருந்து, கடைசிப் பல்சக்கரத்தை, அதாவது எல்லாவற்றிலும் வேகமாகச் சுற்றுவதை, மரக்குச்சியால் முன்னும் பின்னும் லேசாக அசையுங்கள். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான். அது விட்டுக்கொடுத்தால் ஸ்பிரிங் தானாகவே மெல்ல ஓடித் தளரும்.

ஸ்பிரிங்கை ஆசிட்டில் போடாதீர்கள். கெட்டியாக்கிய எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கும்படி செய்துவிடும். பார்க்கப் பளபளவென்று இருக்கும், சாவி கொடுக்கும்போது பட்டென்று முறியும்.

கேள்வி: பேட்டரி போடும் இடத்தில் பொருக்குத் தட்டியிருக்கிறது. என்ன போட்டுத் துடைக்க வேண்டும்?

எந்தப் பேட்டரி கசிந்தது என்பதைப் பொறுத்தது. அல்கலைன் பேட்டரியின் கசிவு காரம்; வினிகரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் துடையுங்கள். பழைய சாதாரண துத்தநாக-கார்பன் பேட்டரியின் கசிவு அமிலத்தன்மை உள்ளது. அதற்குச் சமையல் சோடா கரைசல். பிறகு ஈரப்பஞ்சு, பிறகு நன்றாக உலர்த்துவது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிறகு என் குழந்தைக்கு விளையாடக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

இதை அழுத்தமாகவே சொல்கிறேன். பழைய பொம்மைப் பெயிண்டில் ஈயம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அமெரிக்காவிலேயே வீட்டுப் பெயிண்டிலும் பொம்மைகளிலும் அதற்குத் தடை வந்தது 1978-ல்தான். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அந்த ஈயம் தூளாகி மூச்சில் போகும், தரையில் படியும், தவழும் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போகும். ஈயத்தில் குழந்தைக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. தேய்த்தே ஆக வேண்டுமென்றால் தண்ணீர் விட்டு ஈரமாகத் தேயுங்கள். அதற்குரிய முகக்கவசம் போட்டுக்கொண்டு, குழந்தைகள் நடமாடாத இடத்தில் செய்து, கசடைத் துணியோடு சேர்த்துக் கட்டிப் போடுங்கள். விளையாடப் புதுப் பொம்மை கொடுங்கள். பழையது அலமாரியில் இருக்கட்டும்.

கேள்வி: துருவைக் கறுப்பாக மாற்றும் திரவம் பூசலாமா?

உள்பக்கத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத மடிப்புகளுக்கும் நல்லது. டானிக் ஆசிட்டோ பாஸ்பாரிக் ஆசிட்டோ துருவோடு சேர்ந்து நிலையான ஒரு படலமாகும். வெளியே பூசினால் கறுப்புக் கறை நிரந்தரம்.

கேள்வி: சுத்தம் செய்தாகிவிட்டது. மறுபடி வராமல் எப்படி வைப்பது?

கைவியர்வையில் உள்ள உப்பே துருவைத் தொடங்கிவைக்கும், அதனால் கையுறையோடு தொடுங்கள். மேலே மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு மிக மெல்லியதாகப் பூசி, மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள். அருங்காட்சியகங்களில் உலோகப் பொருள்களுக்குப் பயன்படுத்துவது இந்த வகை. பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். செய்தித்தாளும் வேண்டாம், அமிலமில்லாத டிஷ்யூ காகிதம் நல்லது. மூடிய பெட்டியாக இருந்தால் சிலிக்கா ஜெல் போட்டு, காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஈயப் பொம்மைகளை ஓக் மர அலமாரியில் வைக்காதீர்கள். அந்த மரத்திலிருந்து வரும் அசெட்டிக் ஆசிட் ஆவி ஈயத்தை வெள்ளைத் தூளாக்கிவிடும்.

கேள்வி: விட்டுவிட்ட துரு பரவுகிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்?

நிறத்தையும் தூளையும் பாருங்கள். கரும்பழுப்பாக, கெட்டியாக, விரலில் ஒட்டாமல் இருந்தால் அது பெரும்பாலும் நின்றுபோன துரு. ஆரஞ்சாக, பொடியாக இருந்தால் வேலை நடந்துகொண்டிருக்கிறது. பொம்மைக்கு அடியில் வெள்ளைக் காகிதம் ஒன்றை விரித்து வையுங்கள். சில வாரம் கழித்துக் காகிதத்தில் புதிதாக ஆரஞ்சுத் தூள் விழுந்திருந்தால் அந்த இடத்துக்கு மறுபடி எண்ணெயும் குச்சியும். கூடவே ஒரு அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, ஒரே வெளிச்சத்தில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டோ எடுங்கள். விளிம்பு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அதில் தெரிந்துவிடும்.