செக் ரிட்டர்ன், ஜீவனாம்சம்: ரெண்டுக்கும் ஒரே கோர்ட்டா?

கேள்வி: தெரிஞ்ச ஜவுளிக்கடைக்காரருக்கு 2.5 லட்சம் கைமாத்தா குடுத்தேன். அவர் குடுத்த செக் 18 நாள் முன்னாடி பணமில்லைன்னு திரும்பிடுச்சு. ஸ்டேஷன்ல கேட்டா சிவில் கேஸ்னு அனுப்பிட்டாங்க. என் பொண்ணும் கைக்குழந்தையோட எங்க வீட்லதான் இருக்கா, மாப்பிள்ளை பத்து பைசா தர்றதில்ல. ரெண்டையும் சேர்த்து நேரா மதுரை ஹைகோர்ட்லயே போடுன்னு சொந்தக்காரர் சொல்றாரு. செய்யலாமா?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: அக்கா, நாள் ஓடிட்டு இருக்குன்றதால உங்களுக்கு போன்லயே சொல்லிட்டோம், இதே குழப்பத்துல இருக்கிற மத்தவங்களுக்காக இங்கயும் எழுதுறேன்.

முதல்ல அந்த செக்கோட பேங்க்ல பின் அடிச்சுக் குடுத்த துண்டுச் சீட்டு, அதாவது ரிட்டர்ன் மெமோ, அதைப் பத்திரமா எடுத்து வைங்க. செக் திரும்புன விஷயம் பேங்க் மூலமா உங்களுக்குத் தெரிஞ்ச நாள்லருந்து 30 நாளுக்குள்ள அவருக்கு எழுத்துல நோட்டீஸ் போயாகணும், அதாவது உங்களுக்கு இன்னும் 12 நாள்தான். நோட்டீஸ் கைக்குப் போய் 15 நாள்ல அவர் பணம் தரலைன்னா அடுத்த ஒரு மாசத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல கம்ப்ளைன்ட் போடணும், அதுவும் உங்க அக்கவுன்ட் இருக்கிற பேங்க் கிளை எந்த கோர்ட் எல்லையில வருதோ அங்க, அவர் ஊருக்கு நீங்க அலைய வேண்டாம். நோட்டீஸ் கவரை வாங்காம திருப்பி அனுப்பிட்டார்னா அதைப் பிரிக்காம அப்படியே வைங்க, கோர்ட்ல காட்டணும்.

ஸ்டேஷன்ல சொன்னது பாதிதான் சரி. செக்குக்கான சட்டத்தோட (Negotiable Instruments Act) 138-வது பிரிவுல இது கிரிமினல் கேஸ்தான், 2 வருஷம் வரை ஜெயில், செக் தொகையில ரெண்டு மடங்கு வரை அபராதம்னு சட்டத்துல இருக்கு, ஆனா இதுல போலீஸ் எஃப்ஐஆர் போட முடியாது, செக் வாங்குனவங்களே கோர்ட்டுக்குப் போகணும். இதுபோக பணத்தை வசூல் பண்ண தனியா சிவில் கோர்ட்லயும் கேஸ் போடலாம், கடன் குடுத்து 3 வருஷத்துக்குள்ள. ஒரே கடன்தான், தண்டனை கேட்கிற இடம் வேற, வசூல் கேட்கிற இடம் வேற, ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கலாம்.

பொண்ணு விஷயத்தை இதோட சேர்க்கவே முடியாது. ஜீவனாம்சத்துக்கு குடும்பநல கோர்ட், அது இல்லாத ஊர்ல மாஜிஸ்ட்ரேட் கோர்ட், அவ இப்ப இருக்கிற ஊர்லயே போடலாம். கேஸ் முடியுற வரைக்கும் காத்திருக்காம இடைக்கால ஜீவனாம்சமும் சேர்த்துக் கேளுங்க, குழந்தையோட பால் செலவு எந்த வாய்தாவுக்கும் காத்திருக்காது. அடி உதைன்னு ஏதாவது நடந்திருந்தா மறைக்காம வக்கீல்கிட்ட சொல்லணும், அதுக்கு 2005-ல வந்த குடும்ப வன்முறைச் சட்டம் தனியா இருக்கு.

ஹைகோர்ட் பெரிய கோர்ட்ங்கிறதால அங்க போனா சீக்கிரம் முடியும்னு நிறைய பேர் நம்புறாங்க, எனக்கு இதுதான் ரொம்ப வருத்தம். கீழ் கோர்ட் தீர்ப்பு மேல அப்பீல், ரிவிஷன் (அந்த உத்தரவு சரியான்னு பார்க்கச் சொல்றது), அரசாங்கத்து மேல போடுற ரிட் மனு, இந்த மாதிரிதான் பெரும்பாலும் அங்க. உங்களோடது ரெண்டுமே உள்ளூர்ல ஆரம்பிக்க வேண்டியது, மதுரைக்கு பஸ் ஏறி இந்த 12 நாளை விட்டுடாதீங்க. அப்படியே நாள் தவறினாலும், செக் தேதியிலருந்து 3 மாசம் முடியலைன்னா மறுபடி பேங்க்ல போடலாம், திரும்பினா புதுசா 30 நாள் கிடைக்கும்.

வக்கீல் ஃபீஸுக்கு யோசிக்காதீங்க. பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பார்க்காம இலவச வக்கீல் உண்டு, கோர்ட் வளாகத்துல சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் எங்கன்னு கேளுங்க, இல்ல 15100-க்கு அடிங்க. போறப்ப செக், மெமோ, பணம் குடுத்ததுக்கான ஆதாரம், பொண்ணோட கல்யாணப் பத்திரிகை, குழந்தையோட பிறப்புச் சான்றிதழ் எல்லாத்தையும் ஜெராக்ஸோட கொண்டு போங்க.