கான்ட்டும் மில்லும் பிரியும் இடம்

வணக்கம். "கான்ட், மில் இருவருமே பொய் சொல்லாதே என்கிறார்கள்; பிறகு வேறுபாடு எங்கே?" என்று இந்த இரு தத்துவ அறிஞர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முடிவை விடுங்கள், காரணத்தைப் பாருங்கள்.

பொய்யால் மனிதர்களிடையே நம்பிக்கை குலைந்து துன்பம் பெருகும் என்பதால்தான் மில்லுக்கு அது தவறு. அதனால் விலக்கும் உண்டு: கடும் நோயில் கிடப்பவரிடம் கெட்ட செய்தியை மறைப்பதை 1861இல் அவரே எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்.

கான்ட்டிடம் விலக்கே கிடையாது. கொலைகாரன் கதவைத் தட்டி, "உன் நண்பன் உள்ளே இருக்கிறானா?" என்கிறான். அவனிடமும் பொய் கூடாது என்று 1797இல் எழுதினார்! எனக்கு இன்றும் அதை ஏற்க மனம் வரவில்லை. ஆனால் விளைவு எதுவானாலும் கடமையைச் செய் என்னும் அவரது கடமைக் கோட்பாட்டின் இறுக்கத்தை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது.

அரிஸ்டாட்டில் வழி வந்தவர்கள் கேள்வியையே மாற்றுவார்கள்: துணிவும் விவேகமும் பழகிய ஒருவர் அந்த வாசலில் என்ன செய்வார்?

இம்மூன்றும் நெறிமுறை அறவியல், அதாவது எப்படி நடப்பது சரி என்று கேட்பவை. 'தவறு' என்ற சொல்லுக்கே பொருள் என்ன என்று கேட்பது மீஅறவியல். டாக்டர் நோயாளியிடம் உண்மையை மறைக்கலாமா என்பது பயன்பாட்டு அறவியல்.

தேர்வுக்கு முன் அந்த வாசல் காட்சியை மூன்று பார்வையிலும் ஒருமுறை எழுதிப் பாருங்கள்.