பாசி மரத்தைத் தின்கிறதா?

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் குடும்பத்தோடு இங்கே வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் உள்ள ஹோ மழைக்காட்டுக்குப் போயிருந்தோம். ‘ஹால் ஆஃப் மாசஸ்’ பாதையில் மட்டும் நடந்தோம். அழகுதான், ஆனால் ஏனோ ஓர் உறுத்தல். மேப்பிள் மரங்களில் கிளையே தெரியாதபடி பாசி அப்பிக் கிடக்கிறது. விழுந்த மரங்களை யாரும் எடுப்பதில்லை. “இப்படியே விட்டால் பாசி மரத்தைத் தின்றுவிடுமே” என்றார் என் மாமனார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்களும் அங்கே போனவர்தானே, உங்களுக்கு அப்படித் தோன்றவில்லையா?

எஸ்., சியாட்டில்

அன்புள்ள எஸ்.,

தோன்றியது. கிணற்றடியிலும் குளத்துப் படியிலும் பாசியைத் தேய்த்துக் கழுவி வளர்ந்தவர்கள் நாம். பாசி பிடித்த இடம் என்றாலே கவனிப்பார் இல்லாத இடம்.

ஆனால் மரத்தில் படரும் பாசிக்கு வேரே கிடையாது. பட்டையைப் பற்றிக்கொள்ள மெல்லிய இழைகள் மட்டும். வெயில், மழை, மூடுபனி, காற்றில் வரும் தூசி, இவைதான் அதன் சாப்பாடு. ஹோ பள்ளத்தாக்கில் ஆண்டுக்குச் சுமார் 3,500 மி.மீ. மழை, பஞ்சமில்லை. (திரை திரையாகத் தொங்குகிறதே, அதில் பெரும்பகுதி பாசியே அல்ல, செலாஜினெல்லா. பிளஸ் ஒன் தாவரவியலில் படம் வரைந்து மார்க் வாங்கினோமே, அதன் உறவுக்காரச் செடி.)

சொல்லப்போனால் கதை தலைகீழ். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த நளினி நட்கர்னி, மலையேறுபவர்களின் கயிற்றைக் கட்டிக்கொண்டு இந்த மேப்பிள்களின் உச்சிக்கு ஏறினார். பாசி மெத்தையை உரித்துப் பார்த்தால் அடியில் மண். பாசியும் இலைகளும் மக்கிச் சேர்ந்த மண், தரையிலிருந்து அவ்வளவு உயரத்தில்! அதற்குள் வேர்கள் ஓடின. யாருடையவை என்று பிடித்துக்கொண்டே போனால், அந்த மேப்பிளின் கிளையிலிருந்தே கிளம்பியவை. தன் தோளில் சேர்ந்த மண்ணுக்குள் மரமே வேர்விட்டுச் சத்தெடுக்கிறது. 1981-ல் ‘சயின்ஸ்’ இதழில் இதை எழுதினார்.

மாமனார் சொன்னதும் முழுத் தவறில்லை. கிளைமேல் இருக்கும் இந்தச் சுமை அந்த மரத்தின் இலைகளைப்போல நான்கு மடங்கு எடை வரும். பாரம் தாங்காமல் கிளை முறிவதும் உண்டு.

விழுந்த மரங்களுக்கு வருகிறேன். நான் ஹோ ஆற்றுப் பாதையில் ஐந்து மைல் போய்த் திரும்பினேன். போகிற வழியில் ஒரு ஸ்புரூஸ் மரம் விழுந்து கிடந்தது. அதன் முதுகில் வரிசையாக ஹெம்லாக் மரக்கன்றுகள், கட்டைவிரல் உயரம். தரையில் பாசியும் பெரணியும் மண்டிக் கிடப்பதால் விழும் விதை அங்கே பிழைப்பது கஷ்டம். மக்கும் கட்டைதான் நாற்றங்கால். கட்டை முழுக்கக் கரைந்தபின், கன்றுகளாக இருந்தவை வேர்களைக் கால்போல ஊன்றி நேர்கோட்டில் நிற்கின்றன. அப்படி ஒன்றின் அடியில் நான் குனிந்து நுழைந்து வந்தேன். அப்புறம் இடுப்பு பிடித்துக்கொண்டது வேறு விஷயம்.

விழுந்ததை எடுத்தால்? காட்டுக்கு வரும் சாலையில், பூங்கா எல்லைக்கு வெளியே பார்த்திருப்பீர்கள். மொத்தமாக வெட்டி, மறுபடி வளர்த்த, ஒரே வயது மரங்கள். பூங்காவுக்கு உள்ளே காடு தப்பித்ததற்கு ஒரு வகையில் எல்க் மான்கள் காரணம். அவற்றைக் காக்கத்தான் 1909-ல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஒலிம்பஸ் மலைப்பகுதியைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தார். 1938-ல் அது தேசியப் பூங்கா ஆனது.

அடுத்த முறை மாமனாரை ஆற்றுப் பாதைக்கே கூட்டிப்போங்கள். ஏற்றம் அதிகமில்லை. ஆகஸ்டில் மட்டும் வேண்டாம். மழை குறைந்து பாசி அப்பளம்போல் காய்ந்து கிடக்கும்.