ஒரே கம்பெனி, நாலு வியாபாரம்: மருத்துவப் பொருள் தொழில் பற்றி மும்பை வாசகர்களின் கேள்விகள்

மருந்துக்கடைக்காரர், லேப் நடத்துபவர், கிடங்கு சூப்பர்வைசர், ஷேர் வாங்கப் போகிறவர் என்று பலரும் இந்த முறை ஒரே மாதிரிக் கம்பெனிகளைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தொடுவது வேறு வேறு வியாபாரம். உரிமம் வேறு, சரக்கு போகும் வழி வேறு, போட்ட காசு திரும்பிவரும் காலம் வேறு. ஒன்றுக்குச் சொன்ன கணக்கை இன்னொன்றுக்குப் போட்டால் உதைக்கும்.

மாட்டுங்கா, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: சார், அபாட் இந்தியா ஷேர் வாங்கினால் அந்தக் கம்பெனியின் இதய ஸ்டென்ட், சர்க்கரை சென்சார், என்ஷ்யூர் சத்துமாவு எல்லாவற்றின் லாபத்திலும் பங்கு கிடைக்குமா?

கிடைக்காது. நிறையப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

1888-ல் சிகாகோவில் தொடங்கிய தாய் நிறுவனத்துக்கு நாலு பிரிவுகள்: மருத்துவக் கருவிகள், நோயறி பரிசோதனை, ஊட்டச்சத்து, பழகிய பிராண்டு மருந்துகள். 2024-ல் மொத்த விற்பனை சுமார் 42 பில்லியன் டாலர். அதில் கிட்டத்தட்ட 45 சதவீதம் கருவிகளிலிருந்து வந்தது. மருந்துப் பிரிவுதான் நாலில் சின்னது. புதிய மருந்து கண்டுபிடிக்கும் வேலையை 2013-ல் ஆப்வி என்ற தனிக் கம்பெனியாகப் பிரித்து விட்டுவிட்டார்கள். மிச்சமிருக்கும் மருந்துப் பிரிவு காப்புரிமை முடிந்த மருந்துகளை இந்தியா போன்ற வளரும் நாடுகளில் பிராண்டு பெயரில் விற்கிறது.

பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் பட்டியலிட்ட அபாட் இந்தியா லிமிடெட் முக்கியமாக இந்த மருந்துப் பிரிவுதான். தைரோநார்ம், டுஃபாஸ்டான், உடிலிவ் எல்லாம் அதன் சரக்கு. என்ஷ்யூர், பீடியாஷ்யூர் விற்பது அபாட் ஹெல்த்கேர் பிரைவேட் லிமிடெட் என்ற பட்டியலிடாத கம்பெனி. 2010-ல் பிரமல் குழுமத்திடம் 3.72 பில்லியன் டாலருக்கு வாங்கிய மருந்து வியாபாரமும் அங்கேதான் போனது. அட்டைப்பெட்டியில் ஒரே 'ஏ' சின்னம் இருக்கும். கீழே பொடி எழுத்தில் "சந்தைப்படுத்துபவர்" என்று எந்தக் கம்பெனி பெயர் இருக்கிறதோ, காசு அங்கேதான் போகிறது.

ஆண்டறிக்கையைத் திறந்தால் லாப நட்டக் கணக்குக்கு முன்னால் "தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனைகள்" பக்கத்தைப் படியுங்கள். தாய்க் குழுமத்துக்கு எதற்காக எவ்வளவு போகிறது, அங்கிருந்து என்ன சரக்கு வருகிறது என்பது அதில்தான் தெரியும். இந்திய ஷேருக்கு உலகச் செய்தியைப் பார்த்து விலை போடுவதும் தப்பு. கோவிட் பரிசோதனை விற்பனை 2022-ல் 8 பில்லியன் டாலருக்கு மேல் இருந்து, மறு வருடமே 2 பில்லியனுக்குக் கீழே விழுந்தது. மற்றப் பிரிவுகள் தாங்கியதால் தாய்க் கம்பெனி அவ்வளவாக ஆட்டம் காணவில்லை. பல வியாபாரம் வைத்திருப்பதன் பலன் அது. ஒற்றைப் பிரிவை மட்டும் வைத்திருக்கும் இந்தியக் கம்பெனியிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

செம்பூர், லேப் உரிமையாளர்: ஹார்மோன் டெஸ்ட் மெஷினை இலவசமாக வைக்கிறோம், ரீஏஜென்ட் (டெஸ்ட் ரசாயனம்) மட்டும் வாங்குங்கள், ஒரு டெஸ்ட் 80 ரூபாய் என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

இதற்கு ரீஏஜென்ட் ரென்டல் என்று பெயர். மெஷின் விலை ரீஏஜென்ட் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. திட்டம் மோசமானதல்ல, சின்ன லேப் பெரிய மெஷினைத் தொட இதுதான் வழி. ஆனால் 80 ரூபாய் என்பது கிட் விலையை டெஸ்ட் எண்ணிக்கையால் வகுத்த கணக்கு. உங்களுக்கு ஆகும் செலவு அதுவல்ல.

தைராய்டு டெஸ்டான டிஎஸ்ஹெச் கிட்டை வைத்துப் பார்ப்போம். 100 டெஸ்ட், 8,000 ரூபாய், மெஷினுக்குள் ஏற்றிய பிறகு 30 நாள் ஆயுள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு விடுமுறை போக மாதம் 26 நாள். தினமும் இரண்டு நிலை கன்ட்ரோல் (அளவு முன்பே தெரிந்த சோதனைத் திரவம்) ஓட்டினால் 52 போய்விட்டது. காலிப்ரேஷனுக்கு (மெஷின் அளவைச் சரிப்படுத்த) ஆறு புள்ளி, ஒவ்வொன்றும் இரண்டு முறை, 12 போனது. சந்தேகப்பட்டு மறுபடி ஓட்டுவது ஒரு 4. மிச்சம் 32. தினம் ஒருவரோ இருவரோதான் டிஎஸ்ஹெச்சுக்கு வருகிறார்கள் என்றால் 8,000 ரூபாயை 32 பேர்தான் தாங்குகிறார்கள். ஆளுக்கு 250 ரூபாய். அதுவே தினம் 10 பேர் வந்தால் மாதம் 260 நோயாளி, கன்ட்ரோல் 52, காலிப்ரேஷன் 12, மறு ஓட்டம் இப்போது ஒரு 10 சேர்த்து 334 டெஸ்ட், ஆளுக்கு 103 ரூபாய்தான். வாஷ் பஃபர், ட்ரிக்கர் திரவம், குவெட், கன்ட்ரோல் பாட்டில் இன்னும் இந்தக் கணக்கில் வரவில்லை.

ஆகவே மெனுவில் இருக்கும் முப்பது டெஸ்டையும் ஏற்றாதீர்கள். தைராய்டு டெஸ்ட் மூன்றும் (டி3, டி4, டிஎஸ்ஹெச்) தினசரி ஓடட்டும். பி12, வைட்டமின் டி வாரம் இரண்டு நாள் சேர்த்து ஓட்டினால் கன்ட்ரோல் அந்த நாட்களுக்கு மட்டும் போதும். மாதம் பத்து பேர்கூட வராத டெஸ்டைப் பெரிய ரெஃபரன்ஸ் லேபுக்கு அனுப்புங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம். ரீஏஜென்ட் பேக்கை வெளியே எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தால் 30 நாள் கடிகாரம் நிற்குமா என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். சேல்ஸ்காரர் சொல்வதை நம்பாமல் கிட்டுக்குள் இருக்கும் தாளைப் படியுங்கள்.

ஒப்பந்தத்தில் கேட்டு எழுதி வாங்க வேண்டியவை: கன்ட்ரோலும் காலிப்ரேட்டரும் யார் செலவு, மாதக் குறைந்தபட்ச அளவு ரூபாயிலா டெஸ்ட் எண்ணிக்கையிலா (எண்ணிக்கை என்றால் விலை ஏறும்போது உங்கள் சுமையும் ஏறும்), குறைந்தால் அந்த மாதமே அபராதமா, வருடக் கடைசியில் கூட்டிக் கழிப்பார்களா, மெஷின் நின்றால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், நின்ற நாட்கள் குறைந்தபட்ச அளவில் கழியுமா. மெஷின் தயாரித்த வருடத்தையும் கேளுங்கள். வேறு லேபில் ஓடி முடித்து, பாலிஷ் போட்டு வந்ததாக இருக்கலாம்.

இடத்தையும் பாருங்கள். ஆன்லைன் யுபிஎஸ், சரியான எர்த்திங் இல்லாமல் ஏற்றினால் முதல் சர்க்யூட் பலகை போனதுமே "உங்கள் கரண்ட் சரியில்லை" என்று வாரன்டி கைவிடப்படும். மழையில் தண்ணீர் ஏறும் தரைத்தளம் என்றால் மேசை உயரத்துக்கு மேடை கட்டி, மெஷின் இன்ஷூரன்ஸ் யார் பேரில் என்று தெளிவாக்குங்கள். மெஷின் அவர்களுடையதுதான், நனைந்தால் கேள்வி உங்களிடம் வரும்.

தாராவி, மருந்துக்கடைக்காரர்: ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கான பால் பவுடர் டப்பாவுக்கு 50 ரூபாய் தள்ளுபடி போர்டு வைக்கலாமா? பக்கத்துக் கடையில் பீடியாஷ்யூருக்கு வைத்திருக்கிறார்.

வைக்கக் கூடாது. 1992-ன் குழந்தைப்பால் மாற்றுப் பொருள் சட்டமும் 2003 திருத்தமும் இரண்டு வயது வரையிலான குழந்தைகளின் பால் மாற்றுக்கும் உணவுக்கும் விளம்பரம், சாம்பிள், பரிசு, தள்ளுபடி எல்லாவற்றையும் தடுக்கின்றன. பீடியாஷ்யூர் இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கானது, அதனால் அந்தத் தடை அதன்மேல் வராது. ஒரே கம்பெனி, ஒரே அலமாரி என்றாலும் இரண்டு டப்பாவுக்கும் சட்டம் வேறு. பால் பவுடரை ஷோகேஸில் கோபுரமாக அடுக்குவதையும் விடுங்கள்.

பிவண்டி, கிடங்கு சூப்பர்வைசர்: இன்சுலின் பெட்டி கடைக்குப் போய்ச் சேரும்போது குளிர்ச்சிக்கு வைத்த ஜெல் உருகியிருந்தால் திருப்பி அனுப்புகிறார்கள். அதனால் ஜெல் பேக் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டோம். சரிதானா?

சரியில்லை. ஆபத்து எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது.

இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி. கொஞ்ச நேரம் 12 டிகிரியில் இருந்தால் அதன் ஆயுள் சற்றுக் குறையும். உறைந்தாலோ அந்த மருந்துக்குப்பி முடிந்தது, குப்பைதான். உருகிய பிறகு பார்வைக்குப் பழையபடியே இருக்கலாம் என்பதுதான் கொடுமை. சில தடுப்பூசிகளுக்குக் குலுக்கிப் பார்க்கும் சோதனை உண்டு; அதை இன்சுலினுக்குச் செய்து சமாதானம் அடையாதீர்கள்.

மைனஸ் 20 ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஜெல் பேக்கை நேரே பெட்டிக்குள் வைப்பதுதான் வழக்கமான தப்பு. எடுத்து மேசைமேல் ஒற்றை வரிசையாகப் பரப்புங்கள். மேல் வெண்பனி போய், வியர்த்து, கையில் குலுக்கினால் உள்ளே லேசாகத் தண்ணீர் ஆடுவது தெரிய வேண்டும். அப்போதுதான் மேற்பரப்பு பூஜ்யத்துக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம். இதற்கு எவ்வளவு நேரம் என்பது அறை வெப்பத்தைப் பொறுத்தது, மே மாதக் கணக்கு ஜனவரிக்கு உதவாது. பிறகும் மருந்துப் பெட்டியும் ஜெல்லும் ஒன்றையொன்று தொடக்கூடாது, நடுவே நெளி அட்டை போடுங்கள். வெப்பத்தைப் பதிவுசெய்யும் டேட்டா லாகரை மருந்துகளுக்கு நடுவில் வையுங்கள். ஜெல்லை ஒட்டி வைத்தால் அது ஜெல்லின் வெப்பத்தைத்தான் சொல்லும். பத்து நிமிடத்துக்கு ஒரு பதிவு போதும்.

கடைக்காரரிடம் ஜெல் உருகியிருப்பதை வைத்துச் சண்டை போட வேண்டாம். உருகிய ஜெல்லோடு உள்ளே 6 டிகிரி இருக்கலாம். லாகர் வரைபடத்தைப் பில்லோடு அனுப்புங்கள், திருப்பி வருவது தானாகக் குறையும். வாங்கும் கடையில் வீட்டு ஃபிரிட்ஜ் என்றால், ஃப்ரீசருக்கு நேர் கீழ்த்தட்டிலும் கதவிலும் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

தானே, மெடிக்கல் ரெப்: மாதக் கடைசியில் ஸ்டாக்கிஸ்ட் தலையில் சரக்கைத் தள்ளச் சொல்கிறார்கள். தள்ளினால் இன்சென்டிவ், தள்ளாவிட்டால் பேச்சு. என்ன செய்வது? டாக்டருக்குக் கொடுக்கும் சாம்பிளுக்கு வரம்பு உண்டா?

கம்பெனியிலிருந்து ஸ்டாக்கிஸ்டுக்குப் போவது பிரைமரி, ஸ்டாக்கிஸ்டிடமிருந்து கடைக்குப் போவது செகண்டரி. மாத ஆரம்ப இருப்பு, கூட்டு பிரைமரி, கழித்தல் மாத முடிவு இருப்பு: வருவது செகண்டரி. மூன்று மாத சராசரி செகண்டரியை எடுத்து, கடைசி இருப்பு எத்தனை நாளைக்கு வரும் என்று பிராண்டு வாரியாக ஒரு தாளில் போட்டு மேலாளரிடம் காட்டுங்கள். 30 நாளைத் தாண்டிய பிராண்டில் தள்ளினால் அடுத்த இரண்டு மூன்று மாதத்தில் அது திரும்பும், உங்கள் கணக்கில்தான் கழியும். எண்ணைக் காட்டிப் பேசினால் வாய் அடைபடும், எல்லா மேலாளருக்கும் அல்ல.

சாம்பிள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2024 மார்ச்சில் வந்த மருந்து விற்பனை நெறிமுறைப்படி ஒரு மருத்துவருக்கு ஒரு மருந்தில் வருடத்துக்கு 12 பேக்தான். மருத்துவருக்குத் தரும் நினைவுப் பொருள் ஒன்று 1,000 ரூபாய்க்கு மேல் கூடாது.

முலுண்ட், புது டிஸ்ட்ரிபியூட்டர்: இதய ஸ்டென்ட் எடுத்தால் மருத்துவமனையில் கன்சைன்மென்ட் (பயன்படுத்திய பிறகு பில் போடும் சரக்கு) வைக்க வேண்டுமாம். எவ்வளவு முதல் முடங்கும்?

விட்டம் 2.25 முதல் 4 மி.மீ. வரை ஆறு, நீளம் எட்டு என்று வைத்தால் 48 அளவு. அளவுக்கு ஒன்று, உங்கள் கொள்முதல் 20,000 ரூபாய் என்றாலே ஒரு கேத் லேபுக்கு (ஸ்டென்ட் பொருத்தும் அறைக்கு) 9.6 லட்சம். நடு அளவுகளில் இரண்டு மூன்று கூடுதலாகக் கேட்பார்கள். ஓரத்து அளவுகள் அசையாமல் காலாவதிக்குப் போகும். பில் போட்ட பிறகு பணம் வர மூன்று மாதம் என்பது நல்ல மருத்துவமனை. 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் உச்சவரம்பு வந்ததிலிருந்து (மொத்தவிலைக் குறியீட்டின்படி அது மாறும்) நடுவில் தாராளமாக எடுக்க இடமில்லை.

டெலிவரி சலானில் அனுப்பி, பொருத்திய அன்று இன்வாய்ஸ் போடுவது வழக்கம். ஆனால் சரக்கு கிளம்பி ஆறு மாதம் ஆனால், விற்காவிட்டாலும் ஜிஎஸ்டி சட்டப்படி இன்வாய்ஸ் போட வேண்டும். அதற்குள் சரக்கைச் சுழற்றுங்கள். பெட்டிக்குள் வரும் ஒட்டுச் சீட்டுகளில் ஒன்று நோயாளி கோப்பில் ஒட்டப்படும். இன்னொன்றைப் பயன்பாட்டுப் படிவத்தில் ஒட்டி அன்றே வாங்கிவிடுங்கள், மறுநாள் கேட்டால் கிடைக்காது. மிகப் பெரிய சச்சரவு, பிரித்து உள்ளே செலுத்தி அடைப்பைத் தாண்டாமல் திரும்ப எடுத்த ஸ்டென்ட் யார் கணக்கு என்பது. இதை எழுதாமல் முதல் பெட்டியை அனுப்பாதீர்கள்.

ஐரோலி, புதுத் தொழில்முனைவோர்: சர்க்கரை ஸ்ட்ரிப் இறக்குமதி செய்ய உரிமம் மகாராஷ்டிர எஃப்டிஏவிடமா (மாநில உணவு, மருந்து நிர்வாகம்)?

இல்லை. எந்த வகைக் கருவியானாலும் இறக்குமதி உரிமம் டெல்லியில் உள்ள மத்திய மருந்துத் தர அமைப்பிடம்தான். எம்டி-14 படிவத்தில் விண்ணப்பம், எம்டி-15 படிவத்தில் உரிமம். மாநிலத்தின் வேலை உங்கள் விற்பனை உரிமம், அது முதலில் கையில் இருக்க வேண்டும்.

உரிமத்தைவிட ஆயுள்தான் ஆட்களை மாட்டிவிடுகிறது. ஒரு வருடத்துக்கு மேல் ஆயுள் உள்ள பொருள் இறங்கும்போது 60 சதவீதம் மிச்சம் இருக்க வேண்டும். 18 மாத ஸ்ட்ரிப் என்றால் 10.8 மாதம். அதாவது தயாரித்து ஏழு மாதத்துக்குள் நாவா ஷேவா துறைமுகத்தில் இறங்கியாக வேண்டும். கப்பலுக்கும் கிளியரன்ஸுக்கும் இரண்டு மாதம் ஒதுக்கி, "ஏற்றும்போது நான்கு மாதத்துக்கு மேல் பழையது கூடாது" என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். தள்ளுபடி விலையில் வருவது பெரும்பாலும் எட்டு மாதச் சரக்குதான். இறக்குமதியாளர் பெயர், உரிம எண்ணுக்கான ஸ்டிக்கரின் மாதிரியை உரிமத்தில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.