வீங்கிய ஈறில் வைட்டமின் அளவை ஏன் தனியாக அளக்கிறார்கள்? இரத்தப் பரிசோதனை போதாதா?

ஈறிலிருந்து மிகச் சிறிய துணுக்கை எடுத்து, அதில் ஒரு கிராமுக்கு எவ்வளவு வைட்டமின் இருக்கிறது என்று பார்ப்பதுதான் இந்த அளவீடு. பெரும்பாலும் வேறு காரணத்துக்காக ஈறை வெட்டும்போது கிடைக்கும் துணுக்கையே பயன்படுத்துவார்கள்.

இரத்தம் மட்டும் போதாது. மாடித் தொட்டியில் தண்ணீர் நிறைய இருந்தாலும், ஒரு கிளையில் எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டால் அங்கே மட்டும் வரத்து மெலியும். வீங்கிய ஈறிலும் அப்படி நடக்கலாம். அங்கே குவியும் வெள்ளை அணுக்கள் கிருமிகளைக் கொல்ல வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகளை வெளியிடுகின்றன. அவற்றைத் தணிப்பதில் வைட்டமின் சி செலவாகிறது. ஈறுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனின் சிதைந்த இழைகளைத் திரும்பக் கட்டவும் அதுவே வேண்டும்.

சரி, அளந்தால் விடை கிடைத்துவிடுமா? அங்கேதான் சிக்கல். வீங்கிய ஈறில் நீர் கோத்திருக்கும். ஈர எடைக்குக் கணக்கிட்டால், வைட்டமின் குறையாமலே குறைந்ததுபோலத் தெரியும். அதனால் உலர் எடைக்கோ புரத அளவுக்கோ கணக்கிடுவதைத்தான் நான் நம்புவேன். வெள்ளை அணுக்கள் தங்களுக்குள் வைட்டமின் சியைப் பல மடங்கு சேர்த்து வைப்பவை. அவை கூடினால் எண் ஏறவும் செய்யலாம்! அப்புறம், வைட்டமின் சி காற்றுபட்டால் சீக்கிரம் சிதையும், துணுக்கை உடனே குளிரில் வைக்க வேண்டும்.

வீங்கிய ஈறில் வைட்டமின் குறைவு என்றதும், அந்தக் குறைவுதான் நோய்க்குக் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். வீக்கமே அதைச் செலவழித்திருக்கலாம், பல்லில் படிந்த கிருமிப் படலத்தை அகற்றாமல் மாத்திரை மட்டும் போட்டால் ஈறு ஆறாது.