வேகமாகச் சாப்பிட்டால் உடல் எடை கூடுமா?

கூட வாய்ப்பு அதிகம். வயிறு நிறைந்த சேதியை குடல் ஹார்மோன்கள் மூளைக்குச் சொல்லி முடிக்க ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். பென்னாகரம் பஸ் கிளம்பிவிடும் என்று தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் அவசரமாக நாலு புரோட்டாவை உள்ளே தள்ளினால், ‘போதும்’ என்று தோன்றுவதற்குள் ஐந்தாவதும் இறங்கியிருக்கும்.

2015இல் 23 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். மெதுவாகச் சாப்பிடுபவர்களைவிட வேகமாகச் சாப்பிடுபவர்களுக்கு உடல் நிறை குறியீட்டெண் (BMI, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் அளவு) சராசரியாக 1.78 கூடுதலாக இருந்தது. வேகம் மட்டுமே காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

சரி, நம்ம ஊர் ராகிக் களி? அதை மெல்லாமல் குழம்பில் தோய்த்து விழுங்குவதுதான் வழக்கம். மென்றால் பல்லில் ஒட்டும். அதனால் உருண்டையைச் சின்னதாகப் பிட்டெடுங்கள். ஒன்று தொண்டையில் இறங்கிய பிறகு அடுத்ததில் கை வையுங்கள். அப்புறம் பக்கத்தில் கீரைக் கடைசல் நிறைய இருக்கட்டும்.